சோறும் தூக்கமும் கேட்காத சுக்கானி: மானிட்டர் விண்ட்வேன் மதிப்புரை

மே மாதம் பிறந்ததும், கரீபியன் தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்த ஐரோப்பியப் பாய்மரப் படகுகள் ஊர் திரும்பக் கிளம்பிவிடும். ஜூன் 1 வந்துவிட்டால் அட்லாண்டிக்கில் புயல் பருவம். சின்ட் மார்ட்டனில் நங்கூரம் தூக்கி, பெர்முடாவில் ஒதுங்காமல் போனால், அடுத்த கரை அசோர்ஸ் தீவுகளின் ஹோர்ட்டா துறைமுகம். நடுவில் சுமார் 2,200 கடல் மைல் தண்ணீர். 36 அடிப் படகு நாளுக்கு 110 மைல் ஓடினால் 20 நாள். ஹோர்ட்டாவிலிருந்து இங்கிலாந்தின் ஃபால்மத்துக்கு இன்னும் ஒரு 1,200 மைல். படகில் பெரும்பாலும் இரண்டே பேர். சுக்கானைக் கையில் பிடித்தே ஓட்டுவதென்றால் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். மூன்றாம் நாள் சாப்பாடு பிஸ்கட்டில் வந்து நிற்கும். ஐந்தாம் நாள் பேச்செல்லாம் சண்டையில் முடியும்.

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும் கருவிதான் விண்ட்வேன். மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம். காற்றையும் ஓடும் தண்ணீரையும் வைத்தே சுக்கானைத் திருப்பும். இந்த வகையில் கடலோடிகளிடம் அதிகம் புழங்கும் கருவிகளில் ஒன்று அமெரிக்கத் தயாரிப்பான மானிட்டர். ஊர் திரும்பும் அட்லாண்டிக் பயணத்துக்கு அது எப்படி என்பதே இங்கே பேச்சு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டில்லர் சுக்கானும் (வீலுக்குப் பதில் நீளமான கைப்பிடியால் திருப்புவது) இடைஞ்சல் இல்லாத பின்பக்கமும் உள்ள 28 முதல் 40 அடிப் படகுக்கு இதைவிட நல்ல சுக்கானி கிடைப்பது கஷ்டம். பாயைச் சமநிலையில் வைக்கப் பழகாதவருக்கோ இது படகின் முதுகில் தொங்கும் வெறும் 25 கிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

முதல் பார்வையில், சைக்கிள் கடையில் மிஞ்சிய குழாய்களையெல்லாம் யாரோ வெல்டிங் வைத்ததுபோல இருக்கும். வேலை செய்யும் விதம் தெரிந்தால் அந்த எண்ணம் போய்விடும். உச்சியில் மெல்லிய ப்ளைவுட் பலகை ஒன்று காற்றுக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறது. படகு தடம் மாறினால் காற்று பலகையின் முகத்தில் அடித்து அதை ஒரு பக்கமாகச் சாய்க்கும். சாயும் பலகை ஒரு கம்பியை மேலும் கீழும் தள்ளும். கம்பியின் அடியில் இருக்கும் பல்சக்கரங்கள், தண்ணீருக்குள் தொங்கும் துடுப்பைச் சில டிகிரி முறுக்கும். காற்றின் வேலை அத்தோடு முடிந்தது. மிச்சமெல்லாம் தண்ணீரின் வேலை. ஓடுகிற படகில் துடுப்பை நீருக்குள் விட்டு லேசாகத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தோளையே பிடுங்கும். அந்த வேகத்தில் துடுப்பு பக்கவாட்டில் வீசும். அதன் தலையில் கட்டிய இரண்டு கயிறுகள் கப்பிகள் வழியாக டில்லரை இழுக்கும். பலகையைச் சாய்க்கும் காற்றுக்கு ஒரு குழந்தையின் கைபலம்தான் இருக்கும். டில்லரில் வந்து சேரும்போது அது ஒரு பெரிய ஆளின் பலமாகியிருக்கும்.

இதில் பாராட்ட வேண்டிய இடம் அந்தச் சரிவுப் பல்சக்கரம். துடுப்பு பக்கவாட்டில் வீச வீச, அது தன் முறுக்கைத் தானே குறைத்துக்கொள்ளும்படி பற்கள் கோத்திருக்கின்றன. அதனால் சுக்கான் தேவைக்கு மேல் திரும்பாது. இந்தத் தணிப்பு இல்லாத பழைய வீட்டுத் தயாரிப்புகளில் படகு பாம்புபோல நெளிந்து நெளிந்துதான் போகும். தத்துவம் புதிதில்லை. 1960-ல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் போட்டியில் பிளாண்டி ஹாஸ்லரின் 'ஜெஸ்டர்' படகு அநேகமாகக் கை படாமலே கடலைக் கடந்தது. 1968-ல் நிக் ஃபிராங்க்ளின் கொண்டுவந்த ஏரீஸ் கருவிதான் இன்றைய ஊசல் துடுப்பு விண்ட்வேன்களுக்கெல்லாம் பாட்டன். மானிட்டரும் அந்த வம்சம்தான். ஏரீஸின் உடல் அலுமினியம். மானிட்டரோ மெருகேற்றிய 316எல் ஸ்டீல் குழாய்.

மின்சாரக் கணக்கு

'ஆட்டோபைலட் இருக்கும்போது இது எதற்கு' என்ற கேள்வி எப்போதும் வரும். கணக்கைப் பார்க்கலாம். 36-38 அடிப் படகில் நல்ல ஆட்டோபைலட் 12 வோல்ட்டில் சராசரியாக 3 முதல் 5 ஆம்ப் குடிக்கும். கடல் கொந்தளித்தால் அதற்கும் மேல். நாளுக்கு 72 முதல் 120 ஆம்ப்-மணி. 200 வாட் சோலார் பேனல், நல்ல வெயிலில், பாயின் நிழல் விழாமல் இருந்தால், 60 முதல் 80 ஆம்ப்-மணி கொடுக்கும். மேகம் மூடிய மேற்குக் காற்றுப் பகுதியில் அதில் பாதிகூடத் தேறாது. பற்றாக்குறையை எஞ்சின் ஓட்டித்தான் ஈடுகட்ட வேண்டும், ஆனால் டீசலை அசோர்ஸுக்கு முன்னால் வரும் காற்றில்லாப் பகுதிக்கு மிச்சம் பிடித்தாக வேண்டும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். சிறிய கடல்நீர் சுத்திகரிப்புக் கருவியான கட்டாடின் 40இ, 4 ஆம்ப் எடுத்துக்கொண்டு மணிக்கு 5.7 லிட்டர் குடிநீர் தரும். ஆட்டோபைலட் ஒரு நாளில் தின்னும் 90 ஆம்ப்-மணியை அதற்குக் கொடுத்தால் 120 லிட்டருக்கு மேல் தண்ணீர். குடிக்கச் சமைக்க ஆளுக்கு 3 லிட்டர் என்று அளந்து ஊற்றும் படகில் இது எவ்வளவு பெரிய விஷயம்! தலைக்குக் குளிக்கலாம், துணி அலசலாம், அரிசியை நல்ல தண்ணீரிலேயே கழுவலாம்.

ஆட்டோபைலட்டின் நோய்கள் இன்னொரு வகை: மோட்டார் பிரஷ் தேய்வது, கன்ட்ரோல் பெட்டிக்குள் ஈரம் புகுவது, திசைகாட்டி உணரி குழம்புவது. இவற்றில் எதையும் நடுக்கடலில் ஸ்பானரால் சரிசெய்ய முடியாது. விண்ட்வேனில் கெடக்கூடியது அத்தனையும் கண்ணுக்குத் தெரியும்.

பொருத்தும்போது

மானிட்டர் படகின் பின்பலகையில் நான்கு கால்களில் நிற்கும். 10 மி.மீ. போல்ட் உள்ளே வரை ஊடுருவி, உட்புறம் கனமான தாங்குதகடு வைத்து நட்டு முடுக்க வேண்டும். வெறும் வாஷர் போட்டால், ஃபைபர்கிளாஸ் சுவர் அலைக்கு அலை வளைந்து, முதல் வாரத்திலேயே போல்ட் ஓட்டையைச் சுற்றி நட்சத்திர வடிவில் விரிசல் விழும். ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் வறட்சியாக முடுக்கினால் இழை ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு இழையிலும் டெஃப்ஜெல் பசை அல்லது லானோலின் தடவாமல் மாட்டவே கூடாது.

உயரம் முக்கியம். படகு ஓடும்போது பின்னால் எழும் அலையையும் கணக்கில் வைத்து, துடுப்பின் தட்டையான பகுதி முழுவதும் நீரில் முங்கும்படி பொருத்த வேண்டும். தூக்கிப் பொருத்திவிட்டால் படகு சாயும்போது துடுப்பு பாதி காற்றில் நிற்கும். தாழ்ந்துவிட்டால் குழாய்ச் சட்டமே தண்ணீரை உழுது வேகத்தைத் தின்னும்.

அதைவிட அதிகம் பேர் செய்யும் தப்பு, காற்றுப் பலகைக்கு முன்னால் சந்தை வைப்பது. சோலார் வளைவு, ரப்பர் படகைத் தூக்கிவைக்கும் டேவிட், வெயில் மறைக்கும் கூரை, மீன்தூண்டில் கம்பு என எல்லாம் பின்பக்கத்திலேயே குவியும். பலகைக்கு வரவேண்டிய காற்று இவற்றில் பட்டுச் சுழன்று வரும். பலகை காரணமில்லாமல் தலையாட்டும். பழி கருவிமேல் விழும். ரப்பர் படகை முன்தளத்தில் கவிழ்த்துக் கட்டுவதும் கூரையை மடக்குவதும் செலவில்லாத வைத்தியம்.

கயிறு ஆறு மி.மீ., இழுத்தால் நீளாத பாலியெஸ்டர் அல்லது டைனீமா. துடுப்பின் முழு வீச்சில் கயிறு ஏறக்குறைய 25 செ.மீ. மட்டுமே நகரும். அந்த 25 செ.மீ. டில்லருக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டும். கயிறு ரப்பர்போல நீண்டாலோ கப்பியின் அடித்தளம் அசைந்தாலோ 5 செ.மீ. வழியிலேயே காணாமல் போய்விடும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. டில்லரில் கயிற்றைக் கட்டும் இடம் சுக்கான் அச்சிலிருந்து 55-60 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும். கிட்டே வந்தால் பலம் போதாது, தள்ளிப் போனால் சுக்கான் போதிய அளவு திரும்பாது.

வீல் உள்ள படகுகளுக்கு ஒரு டிரம் தருகிறார்கள். இங்கே உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். 16 செ.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் சுற்றளவு 50 செ.மீ.; 25 செ.மீ. கயிறு நகர்ந்தால் வீல் மொத்தமே அரைச் சுற்றுதான் திரும்பும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒன்றரை இரண்டு சுற்று உள்ள வீலுக்கு அது போதும். நாலு சுற்று வீலுக்குப் போதவே போதாது. கேபிள் இறுக்கமும் கப்பி உராய்வும் சேர்ந்தால் பாதி பலம் அங்கேயே செத்துவிடும். ஹைட்ராலிக் வீல் என்றால் மானிட்டரை மறந்துவிடுங்கள். எண்ணெய் மெல்லக் கசிந்து நடுநிலை நகர்ந்துகொண்டே போகும். கயிறு போடும் கணக்கு அதற்குப் பிடிபடாது.

ஓட்டும் முறை

கருவியை மாட்டிவிட்டுப் பாயைத் திருத்துகிறவர்கள்தான் அதிகம் புலம்புகிறார்கள். வரிசை தலைகீழ். முதலில் கையால் பிடித்து, போக வேண்டிய திசையில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். டில்லரை இரண்டு விரலால் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முழங்கை வலிக்கிறதென்றால் படகு காற்றுமுகம் பார்த்துத் திரும்பத் துடிக்கிறது. பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்துங்கள், போதாவிட்டால் பாயை ஒரு மடிப்புச் சுருக்குங்கள். படகின் சாய்வு 20 டிகிரியைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், சுருக்கத்தான் வேண்டும். வேகம் குறைந்துவிடுமே என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் கால் நாட்கூட (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) குறையாது. சுக்கானைக் குறுக்கே பிடித்து இழுத்த இழுவை போய்விடுவதால் சில சமயம் கூடக்கூடச் செய்யும்.

படகு தானாக நிற்க ஆரம்பித்த பிறகே, பலகையின் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி காக்பிட்டிலிருந்தே கயிற்றை இழுத்துத் திருப்ப வேண்டும். பலகை செங்குத்தாக நின்றதும் துடுப்பை இறக்கி, கயிற்றில் கோத்த சங்கிலிக் கண்ணியை டில்லர் கொக்கியில் மாட்ட வேண்டும். டில்லர் நடுவிலிருந்து கொஞ்சம் காற்றுப் பக்கமாக நிற்கத்தான் செய்யும். அதற்கேற்ப ஒன்றிரண்டு கண்ணி தள்ளி மாட்டினால் துடுப்பு தன் நடுநிலையிலேயே வேலை செய்யும். இதைச் செய்யாமல் விட்டால் துடுப்பு நிரந்தரமாக ஒரு பக்கம் சாய்ந்து, பாதி வீச்சை இழந்து நிற்கும். கயிறு வீணைத் தந்திபோல விறைக்கவும் கூடாது, தொய்யவும் கூடாது. விரலால் அழுத்தினால் இரண்டு செ.மீ. இறங்கட்டும்.

அப்புறம் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். புதிதாக வாங்கியவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். படகு பத்து டிகிரி இந்தப் பக்கம், பத்து டிகிரி அந்தப் பக்கம் ஆடிக்கொண்டே போவது இயல்பு. அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பதறி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு திருத்தம் செய்தால் கருவியும் மனிதரும் ஒரே சுக்கானுக்கு அடித்துக்கொள்வதாகிவிடும்.

வழியில் எங்கே ஜெயிக்கும், எங்கே சறுக்கும்

சின்ட் மார்ட்டனிலிருந்து வடக்கே ஏறும் முதல் ஐந்தாறு நாள் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து 15-20 நாட். படகு காற்றுக்கு நெருக்கமாகச் சாய்ந்து ஓடும். மானிட்டருக்கு இது பொற்காலம். காற்று கொஞ்சம் திசை மாறினால் படகும் அதோடு மாறிப் போகும், பாய் எப்போதும் சரியான கோணத்திலேயே இருக்கும். திசைகாட்டியைப் பார்த்து ஓட்டும் ஆட்டோபைலட்டால் இது முடியாது. கையால் ஓட்டும் நல்ல சுக்கானியாலும் இரவு மூன்று மணிக்கு முடியாது.

அதே குணம்தான் ஆபத்தும். காற்று இரவில் 40 டிகிரி மாறினால் படகும் சத்தமில்லாமல் 40 டிகிரி மாறிவிடும். உள்ளே தூங்குபவருக்கு வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் சாய்வு அதே சாய்வு, சத்தம் அதே சத்தம். ஜிபிஎஸ்ஸில் தடம் விலகல் மணியை வைக்காமல் இரவுக் காவலைத் தொடங்கக் கூடாது.

இந்தப் பகுதியில் இன்னொரு எதிரி சர்காசோ பாசி. மஞ்சள் பழுப்பு நிறத்தில் கீற்றுக் கீற்றாக, சில நாள் வயல்போலவே மிதக்கும். துடுப்பின் முன்விளிம்பில் ஒரு கொத்து மாட்டினால் போதும், தண்ணீர் வழுக்கிப் போகாமல் குழம்பும். துடுப்பு முறுக்கினாலும் வீசாது. படகு திடீரென்று சோம்பலாகத் திரும்பத் தொடங்கினால் எதையும் திருத்துவதற்கு முன் பின்னால் எட்டிப் பாருங்கள். தாழ்ப்பாளை விடுவித்துத் துடுப்பைத் தூக்கினால் பாசி உதிர்ந்துவிடும், அரை நிமிட வேலை. பாசி அடர்ந்த நாளில் மணிக்கு ஒரு தடவை செய்ய வேண்டியிருக்கும். மீன்தூண்டிலை அன்று சுருட்டி வைத்துவிடுவது நல்லது. தூண்டில் நரம்பு துடுப்பில் சுற்றினால் அரை நிமிடத்தில் தீராது.

30 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டிக் காற்று செத்துவிடும். இங்கே மானிட்டரால் பிரயோசனம் இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் போட்டால் பலகைக்குத் தெரியும் காற்று எப்போதும் முன்னாலிருந்துதான் வரும், படகு எங்கே திரும்பினாலும் அதே காற்று. இதற்கு ஒரு கெட்டிக்கார வழி உண்டு. பலகையைக் கழற்றிவிட்டு, சின்னப் படகுகளுக்கான குட்டி ஆட்டோபைலட்டான டில்லர் பைலட் ஒன்றை அந்த இடத்தில் கோத்தால், அது பலகையைச் சாய்க்கும் வேலையை மட்டும் செய்யும். சுக்கானை இழுக்கும் பாரம் வழக்கம்போலத் துடுப்பின்மேல் விழும். அரை ஆம்புக்கும் குறைவாகக் குடித்துக்கொண்டு ஆறு டன் படகை ஓட்டும். விண்ட்வேன் வாங்கும்போதே இந்தப் பைலட்டும் அதை மாட்டும் கிளிப்பும் சேர்த்து வாங்குங்கள்.

35 டிகிரிக்கு மேலே மேற்குக் காற்று, முதுகில் 20-30 நாட். பலர் இங்கேதான் விண்ட்வேனைத் திட்டுகிறார்கள். பாதி நியாயம். நேர் பின்காற்று 10 நாட், படகு 5 நாட் ஓடினால் பலகைக்கு எட்டுவது 5 நாட் காற்றுதான். காற்றே 6 நாட், படகு 3 என்றால் பலகைக்கு 3, பலகை தூங்கிவிடும். காற்று பலமாக இருக்கும்போது வேறு தொல்லை. அலைமேல் படகு சறுக்கி வேகமெடுக்கும்போது பலகைக்குக் காற்று திடீரென்று குறையும், சறுக்கல் முடிந்ததும் மறுபடி அறையும். பெரிய பாய் முழுசாக விரிந்திருந்தால் அந்த இடைவெளியில் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும்.

மருந்து பாயில்தான் இருக்கிறது. நேர் பின்காற்றில் ஓடாமல் 15-20 டிகிரி விலகி ஓடுங்கள். பெரிய பாயை இரண்டு மடிப்புச் சுருக்கி அல்லது முழுசாக இறக்கி, முன்பாயைக் கம்பு கொடுத்து விரித்துக் கட்டுங்கள். இழுக்கும் சக்தி படகின் முன்முனையான அணியத்தில் இருந்தால் படகு கழுத்தில் கயிறு கட்டிய ஆடுபோலப் பின்னாலேயே வரும். பின்பக்கத்தில் இருந்தால் முரண்டு பிடிக்கும். பெரிய பாயின் அடிக்கம்பான பூம் தவறிப் புரளாமல் இருக்க முன்னால் ஒரு தடுப்புக் கயிறு கட்டாயம்.

புயல் அளவுக்குப் போனால் இரண்டு எச்சரிக்கை. பின்னால் இழுவைக் கயிறு விடுவதாக இருந்தால் அதன் இரு கிளைகளும் துடுப்பைத் தொடாத அகலத்தில் கட்டியிருக்க வேண்டும், இதைத் துறைமுகத்திலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். படகை நிறுத்திக் கிடக்க விட்டால் துடுப்பைத் தூக்கிவிடுங்கள். அலையில் படகு பின்னோக்கி நழுவும்போது தண்ணீர் தலைகீழாக வந்து துடுப்பை மடக்கும். அதற்காகச் செய்த கருவி இல்லை இது.

தேய்மானமும் உடைசலும்

துடுப்பு ஐந்து விநாடிக்கு ஒருமுறை வீசுகிறது என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 17,280 வீச்சு. 20 நாளில் மூன்றரை லட்சத்துக்கு அருகில். அத்தனை தடவையும் கயிற்றின் ஒரே 25 செ.மீ. அதே கப்பியில் ஏறி இறங்குகிறது. துடுப்புக்குப் பக்கத்தில் கயிறு வெளியே வந்து திரும்பும் முதல் கப்பிதான் கொலைக்களம். காலையில் காபிக்கு முன்னால் அந்த இடத்தில் கயிற்றை இரு விரலால் நீவிப் பாருங்கள். முதலில் பஞ்சு பூத்ததுபோல வெள்ளையாக ஒரு மென்மை தட்டும். அது பரவாயில்லை, ஐந்தாறு நாள் தாங்கும். விரலுக்குத் தட்டையாக, வெளியுறைக்குள் ஏதோ நழுவுவதுபோலத் தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

மாற்றாமலே ஆயுளை நீட்டவும் வழி இருக்கிறது. டில்லர் முனையில் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் கயிறு கூடுதலாக விட்டுச் சுருட்டிக் கட்டிவையுங்கள். ஐந்து நாளைக்கு ஒருமுறை 30 செ.மீ. நகர்த்திக் கட்டினால் தேயும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மீட்டரில் மூன்று நகர்த்தல், நாலு இடம், ஹோர்ட்டா வந்துவிடும். கப்பி கோணலாக இழுபட்டால் கயிறு பக்கச் சுவரில் உரசும், அப்போது எத்தனை மீட்டர் விட்டாலும் பத்தாது. இரவில் பின்னறையில் படுத்திருப்பவர் காதில் 'கிரீச்' கேட்டால் அது பெரும்பாலும் கோணலாக நிற்கும் கப்பி.

மானிட்டரின் புத்திசாலித்தனமான பாகம், துடுப்புக்கு மேலே வரும் பாதுகாப்புக் குழாய். மிதக்கும் மரமோ வேறெதுவோ மோதினால் வேறு எதுவும் உடைவதற்கு முன் அது உடைய வேண்டும், அதற்காகவே பலவீனமாகச் செய்தது. துடுப்பு தன் பாதுகாப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு வரும். அந்தக் கயிறு கட்டியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். இல்லையென்றால் துடுப்பு கடலுக்கு. 'அடிக்கடி உடைகிறதே' என்று கனமான குழாய் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அடுத்த மோதலில் மேலே இருக்கும் சட்டம் மடங்கும், குழாய் அப்படியே நிற்கும். ஃப்யூஸுக்குப் பதில் ஆணியைச் சொருகும் அதே வேலை.

மாற்றுக் குழாய் இரண்டு, ப்ளைவுட் பலகை இரண்டு, கயிறு 25 மீட்டர், கப்பி இரண்டு, நட்டு போல்ட் கோட்டர் பின் ஒரு டப்பா. இவ்வளவு இருந்தால் அட்லாண்டிக் கடக்கலாம். குழாய் மாற்றும்போது படகை நிறுத்திக் கிடக்க விட்டு, இடுப்பு வாரை மாட்டி, இரண்டு ஸ்பானரையும் மணிக்கட்டில் நூலால் கட்டிக்கொண்டு குனியுங்கள். நடுக்கடலில் விழுந்த ஸ்பானர் நாலாயிரம் மீட்டர் ஆழம் போகும்.

பேரிங்குகளுக்கு கிரீஸ் தடவுவது அன்பினால் செய்யும் கெடுதல். கிரீஸில் உப்பு ஒட்டும், உப்பில் தூசி ஒட்டும், ஒரு வாரத்தில் அது மணல் காகிதமாகிவிடும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், மழை பெய்தால் அதுவும் வேண்டாம். பலகையைத் தாங்கும் அச்சு, வாயால் ஊதினாலும் ஆட வேண்டும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

ஹைட்ரோவேன் வேறு தத்துவம். அதற்குத் தனியாக ஒரு சுக்கான் உண்டு. படகின் சுக்கானைக் கட்டிப்போட்டுவிட்டு இது தனியே ஓட்டும். காக்பிட்டுக்குள் கயிறே கிடையாது, தேய்மானக் கதையும் கிடையாது. வீல் எதுவாக இருந்தாலும், ஹைட்ராலிக்காக இருந்தாலும் கவலையில்லை. படகின் சுக்கான் உடைந்தால் மாற்றுச் சுக்கான் பின்னால் தயாராக நிற்கும். இதற்காக மட்டுமே அதை வாங்குகிறவர்கள் உண்டு, அது தவறான காரணமும் இல்லை. ஆனால் தண்ணீரின் பலத்தைப் பெருக்கும் ஊசல் துடுப்பு அதில் இல்லாததால், சமநிலை கெட்ட கனமான படகை இழுத்துப் பிடிக்கும் வலு மானிட்டருக்குத்தான் அதிகம். நடுவில் காக்பிட் உள்ள 42 அடி வீல் படகு என்றால் ஹைட்ரோவேன். 34 அடி டில்லர் படகு என்றால் மானிட்டர். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் வீலின் சுற்றை எண்ணிப் பார்த்து முடிவு செய்யட்டும். மானிட்டருக்கும் அவசரச் சுக்கானாக மாற்றும் இணைப்பு தனியாகக் கிடைக்கிறது, ஆனால் அலையில் அதை மாட்டுவது சும்மா இல்லை.

விலை பல ஆயிரம் டாலர். பழையது கிடைத்தால் தயங்க வேண்டாம். ஸ்டீல் உடல் கிழடு தட்டாது. பல்சக்கரத்தில் தளர்வு, வெல்டிங் ஓரத்தில் துருக்கோடு, வளைந்த கம்பி, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வாங்கலாம்.

எந்தக் கருவி வாங்கினாலும் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. தனியாளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் 1968-69 கோல்டன் குளோப் போட்டியில், பம்பாயில் தேக்கில் கட்டிய 'சுஹேலி'யின் சுய சுக்கான் கருவி ஆஸ்திரேலியாவை எட்டும்போதே உபயோகமற்றுப் போனது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் மிச்ச தூரம் முழுவதையும், தென்பசிபிக், கேப் ஹார்ன், அட்லாண்டிக் எல்லாவற்றையும், பாய்களைச் சமநிலையில் வைத்தே ஓட்டி 1969 ஏப்ரல் 22-ல் ஃபால்மத் சேர்ந்தார். 2022-ல் கிளம்பிய அதே பெயர்ப் போட்டியில் இரண்டாவதாக வந்த நம்மூர் அபிலாஷ் டோமி, உடைந்த விண்ட்வேனுக்கு மாற்றுப் பாகம் செய்யக் கழிவறைக் கதவுப் பலகையைக்கூட விட்டுவைக்கவில்லை. படகில் அறுக்கக்கூடிய ப்ளைவுட் எங்கெங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஹோர்ட்டாவுக்குள் நுழையும்போது அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியிலேயே டில்லரைக் கொக்கியிலிருந்து விடுவித்து, துடுப்பைத் தூக்கிக் கட்டி, பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். மே, ஜூனில் அங்கே படகுகள் மூன்று நான்காக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருக்கும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் விண்ட்வேன் பக்கத்துப் படகின் கைப்பிடிக் கம்பியைக் கொக்கி போட்டு இழுத்துவிடும். தண்ணீர்க் குழாய் கிடைத்ததும் படகுக்கு முன்னால் விண்ட்வேனைக் கழுவுங்கள். நான்கு காலின் போல்ட்டையும் ஸ்பானர் போட்டுப் பார்த்துவிட்டு, தேய்ந்த கயிறு இரண்டையும் யோசிக்காமல் வெட்டிப் போட்டுப் புதுசு கோத்துவிடுங்கள். ஃபால்மத்துக்கு இன்னும் 1,200 மைல் இருக்கிறது, ஏறக்குறைய இரண்டு லட்சம் வீச்சு.